சர்க்கரையை மணலாக்கும் இலை

வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வாரச்சந்தையில் மூலிகைப் பொடி விற்கிற ஆள் கூட்டத்திலிருந்து இவரைக் கூப்பிட்டு, ஒரு பச்சை இலையைக் கொடுத்து நன்றாக மென்று துப்பச் சொல்லியிருக்கிறார். அப்புறம் ஒரு ஸ்பூன் சர்க்கரையை வாயில் போட்டிருக்கிறார். இனிக்கவே இல்லையாம். "ஆத்து மணலைத் தின்ன மாதிரி இருந்துச்சு சார்" என்கிறார் வாசகர். வியாபாரி உடனே கூட்டத்தைப் பார்த்து, "நாக்குலயே சர்க்கரையைக் கொன்னுடுச்சு பாத்தீங்களா, ரத்தத்துல மட்டும் விட்டுவைக்குமா?" என்று கேட்க, பத்துப் பதினைந்து டப்பா அங்கேயே விற்றுத் தீர்ந்திருக்கிறது. இவரும் ஒன்று வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் சந்தேகம். அந்த இலையில் ஏதாவது தடவியிருந்தாரா, இல்லை நிஜமாகவே அப்படி ஓர் இலை இருக்கிறதா?

இருக்கிறது. தடவலெல்லாம் ஒன்றுமில்லை. அது சிறுகுறிஞ்சான். சர்க்கரைக்கொல்லி என்றும் சொல்வார்கள், இந்தியில் குர்மார், அதாவது வெல்லத்தைக் கொல்வது. வியாபாரி சொன்னதில் நாக்கைப் பற்றிய பாதி சரி, ரத்தத்தைப் பற்றிய பாதி வெறும் வாய்ச்சவடால். அந்த முதல் பாதிக்குள் இருக்கிற வித்தை இருக்கிறதே, அதை யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

முதலில் நானே செய்து பார்த்த கதை. உறவினர் வீட்டு வேலியில் இந்தக் கொடி மண்டிக் கிடந்தது. நான்கு இலைகளைக் கழுவி, ஒரு தட்டில் சர்க்கரை, வெல்லம், வாழைப்பழம், மைசூர்பாகு, பக்கத்தில் ஒரு டம்ளர் காபி எல்லாம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இலை லேசான கசப்பு, கொஞ்சம் துவர்ப்பு. ஒரு நிமிடம் மென்று, நாக்கு முழுக்கப் புரட்டி, துப்பிவிட்டுச் சர்க்கரையைப் போட்டேன். பல்லுக்கிடையில் நறநறவென்று சத்தம் கேட்கிறது, கரைவது தெரிகிறது, சுவை என்று ஒன்றுமே இல்லை. வெல்லத்தில் அதுவரை நான் கவனித்தே இராத ஓர் உப்புக்கரிப்பு மேலே வந்தது. வாழைப்பழம் வெறும் புளிப்புக் களி. காபியில் டிகாஷன் கசப்பு மட்டும்.

ஆனால் மைசூர்பாகுதான் ஆச்சரியம். நெய் வாசம் அப்படியே கமகமவென்று ஏறுகிறது, வறுத்த கடலைமாவின் வாசம் கூட தனியாகத் தெரிகிறது. வாயில் இருப்பதோ எண்ணெய் ஊறிய மண்.

இதற்குக் காரணம் நமக்குத் தெரிந்ததுதான். நாம் "ருசி" என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. மெல்லும்போது எழும் ஆவி அண்ணத்துக்குப் பின்பக்கமாக மூக்குக்குள் ஏறுகிறது. அங்கே சுமார் 400 வகை வாசனை ஏற்பிகள், அதாவது வாசனை மூலக்கூறுகளை அடையாளம் பிடிக்கிற புரதங்கள், இருக்கின்றன. இந்த ஏற்பிகளுக்கான மரபணுக் குடும்பத்தை லிண்டா பக்கும் ரிச்சர்டு ஆக்செலும் 1991இல் கண்டுபிடித்து, 2004இல் நோபல் பரிசு வாங்கினார்கள். நாக்கின் பட்டியல் அதோடு ஒப்பிட்டால் ரொம்பச் சின்னது: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் 1908இல் ஜப்பானில் கிகுனே இகேதா கடற்பாசிக் குழம்பிலிருந்து பிரித்துக் காட்டிய உமாமி என்ற கறிச்சாற்று ருசி. (நுனியில் இனிப்பு, அடியில் கசப்பு என்று பள்ளிக்கூடத்தில் நாக்குப் படம் வரைந்தோமே, அது தப்பு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாச் சுவை மொட்டுப் பகுதியிலும் தெரியும். காரம் சுவையே இல்லை, அது சூடு உணரும் நரம்பின் அலறல்.) சிறுகுறிஞ்சான் செய்வது என்னவென்றால், மூக்கைத் தொடாமல், இந்த ஐந்தில் ஒரே ஒன்றின் சுவிட்சை மட்டும் அணைத்துவிடுகிறது. அதனால்தான் நெய் இருக்கிறது, இனிப்பு இல்லை.

இந்த இலையின் அறிவியல் நம் ஊட்டியில் ஆரம்பித்தது என்பது பலருக்குத் தெரியாது. இலையின் இந்தக் குணத்தை 1840களிலேயே எட்ஜ்வொர்த் என்ற அயர்லாந்துத் தாவரவியலாளர் குறித்து வைத்திருந்தார். ஆனால் அதற்குள் இருக்கும் பொருளைப் பிரித்தெடுத்து, ஜிம்னிமிக் அமிலம் என்று பெயர் வைத்து, 1887இல் நேச்சர் இதழில் எழுதியவர் டேவிட் ஹூப்பர். உதகமண்டலத்தில் அரசாங்கக் கொய்னா வேதியியலாளராக இருந்தவர். நீலகிரியில் சின்கோனா மரம் வளர்த்து, மலேரியாவுக்குக் கொய்னா எடுத்துக்கொண்டிருந்த காலம் அது. உலகத்திலேயே கசப்பான சமாச்சாரங்களில் ஒன்றை அளந்து சம்பளம் வாங்கிய மனிதர், இனிப்பைக் கொல்லும் இலையைப் பிடித்திருக்கிறார் என்று நினைத்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

சரி, அந்த அமிலம் எங்கே வேலை செய்கிறது? நாக்கிலா, மூளையிலா? இதற்கு 1960களில் ஸ்டாக்ஹோமில் ஒரு துணிச்சலான பதில் கிடைத்தது. நாக்கின் முன்பகுதியிலிருந்து சுவைச் செய்தியைத் தூக்கிக்கொண்டு போகும் நரம்பு, மூளைக்குப் போகிற வழியில், காரணமே புரியாதபடி நடுக்காதுக்குள் புகுந்து செவிப்பறைக்குப் பின்னால் குறுக்கே ஓடுகிறது. காது அறுவைசிகிச்சையில் செவிப்பறையைத் தூக்கினால் கண்ணெதிரே நூல் மாதிரி தெரியும். சோட்டர்மான் குழுவினர் அந்த நேரத்தில் நரம்பின் மேல் மின்முனையை வைத்து, நோயாளியின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை ஓடவிட்டார்கள். நரம்பில் துடிப்பு எகிறியது. ஜிம்னிமிக் அமிலத்தைத் தடவிவிட்டு மறுபடி சர்க்கரைத் தண்ணீர். நரம்பு கப்சிப். உப்புக்கும் புளிப்புக்கும் மட்டும் வழக்கம்போலத் துடித்தது. ஆக, செய்தி மூளைக்குப் போய் அழிக்கப்படவில்லை, நாக்கை விட்டே கிளம்பவில்லை.

ஏன் கிளம்பவில்லை என்பதுதான் நான் சொல்ல ஆசைப்படுகிற இடம். இனிப்பை உணரும் ஏற்பி 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில்தான் பிடிபட்டது. அது ஒரு புரதம் இல்லை, ஜோடி. டி1ஆர்2, டி1ஆர்3 என்று பெயர், நாம் இரண்டாம் நம்பர், மூன்றாம் நம்பர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் ஒரே மாதிரி உடம்பு. செல்லுக்கு வெளியே, எச்சில் பக்கமாக, திறந்த சிப்பி மாதிரி ஒரு தலை. கீழே ஒரு கழுத்து. அதற்கும் கீழே செல்லின் சவ்வைத் துளைத்துக்கொண்டு ஏழு தூண்கள் சேர்ந்த ஒரு கட்டு, அதைக் கால் என்று சொல்லலாம். இனிப்பான மூலக்கூறு வந்து சிப்பிக்குள் விழுந்தால் சிப்பி மூடிக்கொள்கிறது, அந்த அசைவு கழுத்து வழியாக இறங்கிக் காலை அசைக்கிறது, கால் அசைந்தால் செல்லுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு புரதம் விழித்துக்கொள்கிறது, அப்புறம் சங்கிலித் தொடராக ஏதேதோ நடந்து நரம்புக்குத் தகவல் போகிறது.

இலையைப் பற்றிக் கேள்விப்படுகிற யாருக்கும் முதலில் தோன்றுவது, அந்த அமிலம் சிப்பிக்குள் போய்ச் சர்க்கரையின் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது என்பதுதான். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற மாதிரி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 2014இல் ஜப்பானின் கியூஷூ பல்கலைக்கழகத்தில் சனேமட்சு, நினோமியா குழுவினர் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொன்னது. எலிக்கு இந்த அமிலம் வேலை செய்யாது, நாக்கில் தடவினாலும் அதற்குச் சர்க்கரை சர்க்கரைதான். இந்த வித்தியாசத்தையே அவர்கள் கருவியாக்கிக்கொண்டார்கள். மனித ஏற்பியையும் எலி ஏற்பியையும் துண்டு துண்டாக வெட்டி, இதன் தலையை அதன் காலில் ஒட்டி, தட்டில் வளர்த்த செல்களில் வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். எந்தத் துண்டு மனிதனுடையதாக இருந்தால் அமிலம் பிடிக்கிறது? தலை இல்லை. மூன்றாம் நம்பரின் கால்.

தெருமுனை அடிபம்பை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பிடியை அமுக்கினால் உள்ளே கம்பி ஏறி இறங்கித் தண்ணீர் வரும். தண்ணீர் வராமல் செய்ய, கைப்பிடியைக் கட்டிப்போடுவது ஒரு வழி. குறும்புக்காரப் பையன் செய்வது இன்னொரு வழி, கீழே கம்பி ஓடுகிற துளையில் ஒரு கல்லைச் செருகிவிடுவான். நீங்கள் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினாலும் பயனில்லை. சர்க்கரை வந்து உட்காரும் இடம் காலியாகத்தான் இருக்கிறது, செருகல் கீழே. இந்தக் கதைக்கு இன்னும் ருசி சேர்த்தது 2025. அந்த ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சார்ல்ஸ் சூக்கர் குழு மனித இனிப்பு ஏற்பியின் வடிவத்தையே படமெடுத்துக் காட்டியது. சுக்ரலோஸ், அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்புகள் இரண்டும் போய் உட்கார்ந்திருந்தது இரண்டாம் நம்பரின் தலையில். அதாவது இனிப்பு ஏறுவது ஒருத்தன் தலையில், இலை பிடிப்பது இன்னொருத்தன் காலை! ஜோடியில் ஒருத்தன் நகர முடியாவிட்டால் மற்றவனும் நகர முடியாது, அவ்வளவுதான். சர்க்கரை, தேன், சாக்கரின், சுகர்ஃப்ரீ மாத்திரை என்று எதைப் போட்டாலும் இனிக்காமல் போவதற்கும் இதுவே காரணம், இவை எல்லாமே தட்டுவது இந்த ஒரே ஜோடியைத்தான்.

பூனைக்கு இரண்டாம் நம்பரின் மரபணுவே பழுது, 2005இல் கண்டுபிடித்தார்கள். உங்கள் வீட்டுப் பூனை பாயசத்தை நக்கினால் பாலுக்காகத்தான். பறவைகளுக்கும் அது இல்லை, ஆனால் அமெரிக்காவின் ரீங்காரச் சிட்டு தன் உமாமி ஏற்பியையே திருத்தி இனிப்புக்குப் பழக்கிக்கொண்டுவிட்டது. இதையெல்லாம் எழுத ஆரம்பித்தால் வியாபாரியை மறந்துவிடுவேன்.

வியாபாரிக்கு வருவோம். நாக்கில் நடந்தது ஒரு சுவிட்சை அணைத்தது. சர்க்கரையை யாரும் கொல்லவில்லை, அதில் ஒரு மூலக்கூறு கூடக் குறையவில்லை, இனிக்காத சர்க்கரையும் குடலில் உடைந்து ரத்தத்துக்குள் ஜம்மென்று போய்ச் சேரும். என் பெரியப்பா இப்படித்தான் இலையை மென்றுவிட்டு, "இனி பயமில்லை" என்று இரண்டு லட்டை உள்ளே தள்ளினார். மறுநாள் காலையில் குளுக்கோமீட்டர் காட்டிய எண்ணைப் பார்த்து மெஷின் கெட்டுவிட்டது என்றார். கசப்பு தின்றால் இனிப்பு போகும் என்று பாகற்காயிலிருந்து வேப்பங்கொழுந்து வரை நம்மிடம் ஒரு கணக்கு இருக்கிறது, ஏதோ கழித்தல் கணக்கு போல. நாக்கில் நடப்பது வேறு, கணையத்தில் நடப்பது வேறு.

அப்படியானால் சிறுகுறிஞ்சானுக்கும் சர்க்கரை நோய்க்கும் சம்பந்தமே இல்லையா? அப்படியும் சொல்ல மாட்டேன். குடலில் சர்க்கரை உறிஞ்சப்படுவது மட்டுப்படுவதாக விலங்குச் சோதனைகள் உண்டு. 1990இல் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இரண்டாம் வகை நீரிழிவுள்ள 22 பேருக்கு அவர்களுடைய மாத்திரையோடு இந்த இலையின் சாரத்தையும் தினம் 400 மில்லிகிராம், ஒன்றரை ஆண்டுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். சர்க்கரை அளவு குறைந்தது, 5 பேர் மாத்திரையையே நிறுத்த முடிந்தது. நல்ல ஆரம்பம்தான். ஆனால் 22 பேர் என்பது ஒரு மினி பஸ் கூட்டம். யாருக்குச் சாரம், யாருக்கு வெறும் மாவு என்று குலுக்கிப் போட்டு ஒப்பிட்ட ஆய்வு இல்லை அது. அதற்கு அடுத்த படியாக ஆயிரக்கணக்கானவர்களை வைத்துச் செய்ய வேண்டியதை நாம் செய்திருக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். நம் வேலியில் முளைக்கிற இலை, ஊட்டியில் பெயர் வாங்கிய அமிலம், அது ஏற்பியின் காலைப் பிடித்த கதையை ஜப்பான்காரர் சொல்லித்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பாரம்பரியப் பெருமை பேச மேடை கிடைக்கிற அளவுக்கு அதைச் சோதிக்கப் பணம் கிடைப்பதில்லை. அந்த ஓட்டையில்தான் சந்தை வியாபாரி கடை விரிக்கிறார்.

வாசகருக்கு ஒரு வார்த்தை: ஏற்கெனவே சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டிருந்தால், டாக்டரிடம் சொல்லாமல் அந்தப் பொடியைத் தொடாதீர்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை ரொம்பக் கீழே இறக்கிவிட்டால் மயக்கம் வரும். இனிப்பைக் கண்டால் கை நீளுகிறவர்களுக்கு வேண்டுமானால் இலை கொஞ்சம் உதவலாம், இலைச் சாரம் கலந்த மிட்டாயைச் சப்பியவர்கள் அதன் பிறகு எடுத்த இனிப்புகள் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் வந்திருக்கின்றன. மண்ணை எவ்வளவு தின்ன முடியும்?

விளைவு அரை மணி, முக்கால் மணி நேரத்தில் தானாகப் போய்விடும். அதைச் சீக்கிரம் கழற்றவும் ஒரு வழி உண்டு. மாவுச்சத்திலிருந்து செய்கிற, வளையல் மாதிரி நடுவில் ஓட்டையுள்ள சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற பொருளைக் கரைத்து வாய் கொப்பளித்தால் போதும், அமிலத்தை அது தன் வளையத்துக்குள் பிடித்து இழுத்துக்கொள்கிறது.

என்னிடம் அது இல்லை. இன்னொரு இலையைக் கசக்கிச் சாற்றை நாக்கின் இடது பாதியில் மட்டும் பஞ்சால் தடவிக்கொண்டு, கண்ணாடி முன்னால் நின்று, மிச்சமிருந்த மைசூர்பாகுத் துண்டை நாக்கின் மேல் இங்கும் அங்கும் நகர்த்திப் பார்த்தேன். வலது பக்கம் மைசூர்பாகு, இடது பக்கம் மண். நடுவில் எங்கே கோடு என்று தேடிக்கொண்டிருந்தபோது வீட்டில் எல்லோரும் வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.