தனக்குத்தானே தாத்தாவான ஃபோல்டர்

ஒரு ஃபோல்டரை அதற்குள்ளேயே நகர்த்தப் பார்த்தேன், கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. மறுக்காவிட்டால் என்ன ஆகும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அருமையான கேள்வி.

ஒரே டிஸ்க்குக்குள் ஃபோல்டரை நகர்த்தும்போது உள்ளே இருக்கும் கோப்புகள் இம்மியும் அசைவதில்லை. பழைய தாய் ஃபோல்டரின் பட்டியலில் பெயரை அடித்துவிட்டுப் புதிய தாயின் பட்டியலில் எழுதுகிறது கர்னல், அதாவது இயங்குதளத்தின் (ஆபரேட்டிங் சிஸ்டம்) மையப் பகுதி. அதற்கு முன் ஒரு சோதனை: போகிற இடம், நகர்கிற ஃபோல்டரின் வம்சத்திலேயே வருகிறதா? வந்தால் அனுமதி இல்லை.

சரி, இரண்டு பேர் ஒரே நொடியில் நகர்த்தினால்? 'அலுவலகம்' ஃபோல்டரில் 'படங்கள்', 'வீடு' ஃபோல்டரில் 'பயணம்' இருக்கின்றன. ஒருவர் படங்களைப் பயணத்துக்குள் போடுகிறார். இன்னொருவர் பயணத்தைப் படங்களுக்குள் போடுகிறார். சோதிக்கும் கணத்தில் இரண்டுமே நியாயமானவைதான். இருவரும் சோதனையில் தேறியபின் இரண்டும் நடந்துவிட்டால், படங்களின் தாய் பயணம், பயணத்தின் தாய் படங்கள். மரத்திலிருந்து அறுந்து இரண்டும் ஒரு வளையமாகத் தொங்கும். கோப்புகள் டிஸ்க்கில் இடத்தை அடைத்துக்கொண்டு இருக்கும், போய்ச் சேரத்தான் வழி இருக்காது.

பட்டியல் மாறும் ஃபோல்டர்களை, வேலை முடியும்வரை வேறு யாரும் மாற்றாதபடி, பூட்டினால் போதாதா? போதாது, எனக்குப் பிடித்த இடமே இதுதான். முதலாமவர் பூட்டுவது அலுவலகம், பயணம். அடுத்தவர் பூட்டுவது வீடு, படங்கள். பொதுவான பூட்டு ஒன்றுகூட இல்லை! வளையம் வராமல் இருப்பது தனி ஃபோல்டரின் குணம் அல்ல, முழு மரத்தின் குணம்.

அதனால் லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு கோப்பு முறைமைக்கும் (அதாவது ஒவ்வொரு முழு ஃபோல்டர் மரத்துக்கும்) எஸ்_விஎஃப்எஸ்_ரீநேம்_ம்யூடெக்ஸ் என்று ஒரே ஒரு பூட்டு வைத்திருக்கிறது. ஃபோல்டர் விட்டு ஃபோல்டர் மாற்றுகிறவர் முதலில் இதைப் பிடிக்க வேண்டும். வம்சச் சோதனை பூட்டைப் பிடித்த பிறகுதான். முன்பே செய்தால் பழைய தவறுதான். அப்புறம் தனிப் பூட்டுகள், மூதாதை முதலில், வாரிசு பின்னால். முறை மாறினால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்தபடி காலமெல்லாம் காத்திருப்பார்கள்.

இப்படிப்பட்ட பிழைகளுக்கு ரேஸ் கண்டிஷன் என்று பெயர். லட்சத்தில் ஒருமுறை தலைகாட்டும், திரும்ப ஓட்டினால் மறையும். "நேரம் சரியில்லை" என்று சொல்லி ரீஸ்டார்ட் செய்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும், ஆனாலும் அவர்கள் சொல்வது ஒருவகையில் உண்மை. கர்னல் எழுதுபவர்கள் பரிகாரம் தேடுவதில்லை. சோதனைக்கும் செயலுக்கும் நடுவே வேண்டுமென்றே சில மில்லிநொடி தூங்கவைக்கிறார்கள், ஒளிந்திருந்த பிழை கிட்டத்தட்ட ஒவ்வொரு முறையும் வந்து நிற்கும்.

ஒரே ஃபோல்டருக்குள் பெயர் மாற்றுவதற்கு இந்தப் பெரிய பூட்டு வேண்டாம். அங்கே யாருக்கும் தாய் மாறுவதில்லை.