நிப்பிளில் கிரீஸ் அடித்தால் மட்டும் போதாது: கேம்பிங் டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு

மே மாதம் விக்டோரியா தின விடுமுறை நெருங்கினால், ஒன்டாரியோவில் டிரெய்லர் வேலை பார்க்கும் எங்களுக்கு ஒரே மாதிரி போன்தான் வரும். "குளிர்காலம் முழுக்க பனியில நின்னுச்சு. டயர்ல காத்து பாத்துட்டேன், பேட்டரி சார்ஜ் போட்டாச்சு, வீலுக்கு கிரீஸும் அடிச்சாச்சு, கிளம்பலாம்ல?" இப்போது நம் ஆட்களும் நிறைய பேர் டிரெய்லர் வாங்கி அல்கான்குயின், கில்பேர், சாண்ட்பேங்க்ஸ் என்று குழந்தைகளோடு போகிறார்கள், பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் அந்த "கிரீஸும் அடிச்சாச்சு" என்பதைக் கேட்டால்தான் எனக்குப் பயம் வரும்.

காரில் வீல் பேரிங் (சக்கரம் உராயாமல் சுழல உதவும், உருளைகள் கொண்ட வளையம்) பெரும்பாலும் மூடிய யூனிட்டாகவே வருகிறது. கெட்டுப்போனால் மொத்தமாகக் கழற்றி மாற்றுவோம், நடுவில் யாரும் தொடுவதில்லை. அதனால் பலருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. டிரெய்லரின் ஹப், அதாவது சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி, அப்படி இல்லை. உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என இரண்டு டேப்பர் ரோலர் பேரிங், இரண்டுக்கும் கையால் வைத்த கிரீஸ், அந்த கிரீஸ் பின்பக்கமாக வெளியேறாமல் பிடித்துக்கொள்ள ரப்பர் உதடு வைத்த ஒரு சீல். இரண்டு ஆக்சில் டிரெய்லரில் எட்டு பேரிங், நான்கு சீல். டெக்ஸ்டர் போன்ற ஆக்சில் கம்பெனிகளின் கையேட்டில் 12 மாதம் அல்லது 12,000 மைல், எது முதலில் வருகிறதோ அப்போது பார்க்கச் சொல்லியிருக்கும். 12,000 மைல் என்றால் சுமார் 19,000 கிலோமீட்டர். நம்மில் யாரும் ஒரு கோடையில் அவ்வளவு ஓட்டுவதில்லை என்பதால், "நான் ரெண்டாயிரம் கிலோமீட்டர்தானே ஓட்டினேன்" என்று தள்ளிப்போடுகிறார்கள். அந்த 12 மாதக் கணக்கு நிற்கும் வண்டிக்கும் சேர்த்துத்தான். குளிரும் வெயிலும் மாறி மாறி வரும்போது ஹப்புக்குள் ஈரம் படியும், அசையாமல் நிற்கும் ரோலரும், அது உருளும் வெளி வளையமான கப்பும் தொடும் இடத்தில் அந்த ஈரம் அரிக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியின் பேரிங்கைக் கழுவிப் பார்த்தால் ரோலர் இடைவெளிக்கு ஏற்றபடி கறுப்புக் கோடுகள் வரிசையாகத் தெரியும். ஓட ஓட அந்தக் கோட்டிலிருந்துதான் உலோகம் செதில் செதிலாகப் பெயர ஆரம்பிக்கும்.

இப்போது நிப்பிள் விஷயம். ஈஸி லூப் என்ற பெயரில், ஹப்பின் முன்பக்க ரப்பர் மூடியைக் கழற்றினால் ஒரு கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் கன்னை மாட்டும் சிறு முனை) தெரியும் ஆக்சில்கள் நிறைய வருகின்றன. அதில் அடிக்கும் கிரீஸ், ஹப் மாட்டியிருக்கும் ஆக்சில் முனையான ஸ்பிண்டிலின் நடுத்துளை வழியாகப் பின்னால் போய், சீலுக்கும் உள் பேரிங்குக்கும் நடுவில் வெளிவந்து, அங்கிருந்து உள் பேரிங், ஹப்பின் வயிறு, வெளி பேரிங் எல்லாம் கடந்து முன்பக்கம் திரும்ப வர வேண்டும். நல்ல யோசனைதான். ஆனால் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஒருவர் மெதுவாகச் சுற்றிக்கொண்டே இருக்க, கையால் அழுத்தும் கிரீஸ் கன்னில் நிதானமாக அடித்தால்தான் அது ஒழுங்காக நடக்கும். நடப்பது என்ன? சக்கரம் தரையிலேயே இருக்கும், கிரீஸ் குளிரில் இறுகிப்போயிருக்கும், பேட்டரி கிரீஸ் கன்னை வைத்து விட்டேத்தியாக அழுத்துவார்கள். முன்னால் வர வழியில்லாத கிரீஸ் பக்கத்திலேயே இருக்கும் சீலைத் தள்ளிக்கொண்டு பின்னால் பிரேக் டிரம்முக்குள் போய்விடும். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது, கிரீஸ் நன்றாக உள்ளே போகிறதே என்ற திருப்திதான் இருக்கும்.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது பேரிங்கை விட பிரேக்தான். டிரெய்லர் எலக்ட்ரிக் பிரேக்கில், டிரம்மை உரசி நிறுத்தும் ஷூவும் அதை இயக்கும் மேக்னட்டும் டிரம்முக்குள், சீலுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. கிரீஸ் பட்ட ஷூ பிடிக்காது. நான்கு சக்கரத்தில் ஒன்று பிடிக்கவில்லை என்றால் ஓட்டுபவருக்கு அது தெரிவதே இல்லை, "பிரேக் கொஞ்சம் சாஃப்டா இருக்கு" என்று பிரேக் கண்ட்ரோலரில் கெயினை (டிரெய்லர் பிரேக்குக்குப் போகும் மின்சார அளவை) கூட்டி வைத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார். அடுத்த வருடம் இன்னொரு சீல் போகும், கெயின் இன்னும் கூடும். மிச்சமிருக்கும் நல்ல பிரேக்குகள்தான் எல்லாப் பாரத்தையும் தாங்கிச் சூடேறும். 401 நெடுஞ்சாலையில் முன்னால் போகிற வண்டிகள் எல்லாம் திடீரென்று நிற்கும்போது, மூன்று டன் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போதுதான் உண்மை தெரியவரும். கிரீஸ் ஊறிய ஷூவை பிரேக் கிளீனர் அடித்துக் கழுவிப் போட்டுவிடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் எண்ணெயைக் குடித்துவிடும், சூடானதும் திரும்பக் கக்கும். அந்த ஆக்சிலின் இரண்டு பக்கமும் ஷூ மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் போடும்போது ஒரு பக்கமாக இழுக்கும். சில டாலர் சீலுக்காக வரும் செலவு இது.

அதனால் நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான்: வருடத்துக்கு ஒரு முறை ஹப்பைக் கழற்றிப் பாருங்கள், அல்லது கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். நிப்பிள் இருந்தாலும் சரி. புதிதாக வாங்கிய டிரெய்லராக இருந்தாலும் முதல் சீசன் முடிந்ததும் ஒரு தடவை திறந்து பார்ப்பது நல்லது, போதுமான கிரீஸ் இல்லாமல் வந்தவற்றையும் நான் பார்த்திருக்கிறேன். டெக்ஸ்டரின் நெவர்-லூப் போன்ற மூடிய கார்ட்ரிட்ஜ் பேரிங் உள்ள ஆக்சில் என்றால் மட்டும் கிரீஸ் வைக்கும் வேலை கிடையாது, ஆட்டமும் சத்தமும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

நீங்களே செய்வதானால் டிரெய்லரை வண்டியோடு மாட்டி, மறுபக்கச் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கை ஃபிரேமில் வையுங்கள். ஆக்சில் குழாயின் நடுவில் ஜாக் வைத்தால் ஆக்சில் வளைந்துவிடும், அப்புறம் டயர் ஒரு பக்கமாகத் தேயும். ஜாக் ஸ்டாண்ட் இல்லாமல் எதையும் கழற்றாதீர்கள். பழைய டிரெய்லர் என்றால் டிரம்மில் இருக்கும் தூசியை ஊதிவிட வேண்டாம், அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்.

பேரிங்கை வார்சால் என்ற கரைப்பானில் நன்றாகக் கழுவி, முழுதாக உலர்த்தி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். காற்று அடித்து உலர்த்தலாம், ஆனால் காற்றில் பேரிங்கை விர்ரென்று சுற்றவிடக் கூடாது. கிரீஸ் இல்லாமல் அந்த வேகத்தில் சுற்றினால் பேரிங் கெடும், ரோலர் தெறித்து முகத்திலும் அடிக்கும். ரோலர் நீலமாகவோ பழுப்பாகவோ நிறம் மாறியிருந்தால் அது அளவுக்கு மீறிச் சூடேறியிருக்கிறது. குழி, செதில், கறுப்புக் கோடு, விரல் நகத்தில் தட்டுப்படும் கீறல், இவற்றில் எது இருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மாற்றும்போது ஹப்புக்குள் அடித்து இறக்கிய கப்பையும் சேர்த்து மாற்றுங்கள். பழைய கப்பில் புது பேரிங்கைப் போடுவது வீண் செலவு. 3,500 பவுண்டு ஆக்சிலில் பெரும்பாலும் உள்ளே எல் 68149, வெளியே எல் 44649 இருக்கும். ஆனாலும் இதைப் படித்துவிட்டு வாங்காதீர்கள், உங்கள் பேரிங்கிலேயே எண் பொறித்திருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள்.

சீலை எப்போது கழற்றினாலும் திரும்பப் போடக் கூடாது, புதிதுதான். ஸ்பிரிங் இருக்கும் உதடு பேரிங்கைப் பார்த்து இருக்கட்டும். ஒரு தட்டையான மரக்கட்டையை மேலே வைத்து, கோணாமல் ஹப் விளிம்போடு சமமாகும்வரை மெதுவாகத் தட்டுங்கள். உதட்டில் கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள், வறண்ட உதடு முதல் சில கிலோமீட்டரிலேயே கருகும். ஸ்பிண்டிலில் சீல் உட்காரும் இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கள். அங்கே பள்ளமோ துருவோ இருந்தால் எவ்வளவு நல்ல சீலும் கசியும். ஹப்பைத் திரும்ப ஏற்றும்போது ஸ்பிண்டிலின் மரையில் இடித்து இழுத்தால் புது சீலின் உதடு கிழியும், அங்கேதான் அவசரம் கூடவே கூடாது.

கிரீஸ் டப்பாவில் ஜிசி-எல்பி என்ற, வீல் பேரிங்குக்கு ஏற்றது என்று காட்டும் குறியீடும் இரண்டாம் எண் கெட்டியும் இருக்கிறதா என்று பாருங்கள். பழையது என்ன வகை என்று தெரியாவிட்டால் முழுதாகத் துடைத்து எடுத்துவிட்டே புதியதை வையுங்கள். லித்தியம் காம்ப்ளெக்ஸ், பாலியூரியா என்ற இரண்டு கிரீஸ் வகைகளும் கலந்தால் இளகி ஓடிவிடக்கூடும். உள்ளங்கையில் கிரீஸை வைத்துக்கொண்டு பேரிங்கின் அகலமான பக்கத்தை அதில் அழுத்தி அழுத்தி, மறுபக்கம் ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் பிதுங்கி வரும்வரை சுற்றிலும் அடைக்க வேண்டும். மேலாகப் பூசியது உள்ளே போகாது.

ஹப்பை ஸ்பிண்டிலில் பிடித்திருக்கும் நட்டை முறுக்குவதில்தான் அனுபவமுள்ளவர்கள்கூடத் தவறு செய்கிறார்கள். வழக்கமான ஸ்பிண்டிலில் ஹப்பைச் சுற்றிக்கொண்டே சுமார் 50 அடி-பவுண்டு வரை முறுக்குங்கள், அதில் பேரிங் நன்றாக உட்காரும். பிறகு ஹப்பைச் சுற்றாமல் நட்டை முழுதாகத் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, நட் கழலாமல் பிடிக்கும் காட்டர் பின்னைப் போடுங்கள். நட் கொஞ்சம் லூஸாக இருப்பது போலத் தோன்றும். அது அப்படித்தான் இருக்க வேண்டும். "இன்னும் ஒரு கால் சுத்து" என்று இறுக்கினால் பேரிங் சூடாகி விரியும்போது இடமில்லாமல் தன்னைத்தானே எரித்துக்கொள்ளும். காட்டர் பின்னும் ஒவ்வொரு முறையும் புதிது. சக்கரத்தை மாட்டிய பின் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சில் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கி, 10, 25, 50 மைல்களில், அதாவது சுமார் 16, 40, 80 கிலோமீட்டரில், நிறுத்தித் திரும்பப் பாருங்கள்.

பயணத்தில் ஒரு சின்ன இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் கையில் இருக்கட்டும். பெட்ரோல் போட நிற்கும்போதெல்லாம் நான்கு ஹப்பையும் ஒரே இடத்தில் குறிவைத்துப் பாருங்கள். எத்தனை டிகிரி என்பதை விட, ஒன்று மட்டும் மற்ற மூன்றையும் தாண்டி நிற்கிறதா என்பதே முக்கியம். வெயில் படும் பக்கம் கொஞ்சம் கூடத்தான் காட்டும். மலைச் சரிவில் பிரேக் போட்டு இறங்கிய உடனே பார்த்தால் அது டிரம்மின் சூடு, கணக்கில் சேராது. ஒன்று மட்டும் தெளிவாகக் கூடுதலாக இருந்தால், சக்கரத்தின் உள்பக்கம் கிரீஸ் வழிந்திருந்தால், அரைக்கும் சத்தம் கேட்டால், அங்கேயே நிறுத்தி டோ வண்டியைக் கூப்பிடுங்கள். கிரீஸ் தீர்ந்த பேரிங் சிதறினால் சக்கரம் டிரம்மோடு கழன்று போகும், எதிர்த்திசையில் வரும் காரில் போய் மோதவும் கூடும். ஒன்டாரியோவில் லாரி போன்ற வணிக வாகனங்களுக்குச் சக்கரம் கழன்று ஓடினால் சாக்குப்போக்கே ஏற்காத சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. நம் குடும்ப டிரெய்லரையோ ஆண்டுதோறும் பரிசோதிக்கும்படி சட்டம் சொல்வதில்லை, பொறுப்பு முழுக்க நம்முடையது.

கடையில் கொடுத்துச் செய்வதானால் கழற்றிய பழைய சீல்களைத் திருப்பித் தரச் சொல்லுங்கள், ஷூவில் கிரீஸ் பட்டிருக்கிறதா என்று போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார். இதை மே மாதத்தில் செய்வதை விட, சீசன் முடிந்து அக்டோபரில் வண்டியை நிறுத்தும் முன் செய்துவிட்டால் இன்னும் நல்லது. கோடையில் மழையிலும் படகுத்துறைச் சகதியிலும் உள்ளே போன தண்ணீர் குளிர்காலம் முழுக்க பேரிங் மேல் உட்கார்ந்திருக்காது, கடையில் கூட்டமும் இருக்காது.