பால் நாரைக்குள் பாதி நாரை

மலேசியாவின் தேசிய விலங்குக் காட்சிச்சாலையான ஜூ நெகாராவின் ஏரிப் பக்கம் நாரைகளுக்குப் பஞ்சமில்லை. மார்பில் கறுப்புப் பட்டையும் இறக்கையில் ரோஸ் நிறமுமாக நிற்பது சங்குவளை நாரை. வேடந்தாங்கல் போனவர்களுக்குப் பழக்கமானதுதான். இங்கே அது மனிதர் கொண்டுவந்த பறவை. மலேசியாவின் சொந்த நாரைகளில் ஒன்று பால் நாரை: வெள்ளை உடல், இறக்கை ஓரம் கறுப்பு, வாழ்வது அலையாத்திக் காட்டில். உலக அளவில் அழியும் நிலையில் இருப்பதால் கூண்டில் வளர்த்துக் கோலசிலாங்கூரில் விட்டுப் பார்த்தார்கள்.

சிக்கல் என்னவென்றால், இரண்டும் நெருங்கிய சொந்தம். பக்கத்தில் இருந்தால் ஜோடி சேரும். பிறக்கும் குஞ்சு மலடும் இல்லை. நேர்க் கலப்பைப் பெரும்பாலும் கண்ணாலேயே பிடித்துவிடலாம், வெள்ளை இறகில் ரோஸ் சாயம் தெரியும். அது மறுபடி பால் நாரையோடு சேர்ந்து, அதன் குஞ்சும் அப்படியே சேர்ந்தால்? பேரப்பிள்ளை அசல் மாதிரியே இருக்கும். வில்லங்கமே அதுதான்.

இங்கேதான் மரபணு மார்க்கர் வேண்டும். டிஎன்ஏவை ஏ, டி, ஜி, சி என்ற நான்கு வேதி எழுத்துகளின் வரிசையாகப் படிக்கலாம். அதன் ஓர் இடத்தில் பால் நாரைகளுக்கெல்லாம் 'ஏ', சங்குவளைக்கெல்லாம் 'ஜி' என்றால் அந்த இடம் நல்ல மார்க்கர். நேர்க் கலப்புக்கு அங்கே ஒரு ஏ, ஒரு ஜி. அதன் குஞ்சுக்கு ஜி வருமா என்பது நாணயம் சுண்டுகிற கதை. பேரப்பிள்ளைக்கு வாய்ப்பு நான்கில் ஒன்றுதான். ஐந்தே மார்க்கர் பார்த்தால், ஐந்திலும் ஜி இல்லாமல் அது தப்பிக்க 24 சதவீத வாய்ப்பு உண்டு. இருபது பார்த்தால் 0.3 சதவீதம். ஆனால் அந்த இருபதும் குரோமோசோம்களில் சிதறிக் கிடக்க வேண்டும். ஒட்டி ஒட்டி இருந்தால் சேர்ந்தேதான் இறங்கும், எண்ணிக்கைக்கு அர்த்தமில்லை.

செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் தனியாக இருக்கும் டிஎன்ஏ மட்டும் போதாதா? அது தாய்வழியில் மட்டும் வருவது. தாய் பால் நாரை, தகப்பன் சங்குவளை என்றால் குஞ்சுக்கு 'அசல்' என்று சான்றிதழே கொடுத்துவிடும்.

அப்புறம், அசல் எது என்று முடிவு செய்ய ஒப்பிடும் மாதிரி வேண்டும். கலப்பு புகுந்த கூட்டத்தையே அளவுகோலாக வைத்தால் கணக்கே தப்பு. அதனால் அருங்காட்சியகங்களில் இருக்கும் பழைய பதப்படுத்திய பறவைகளின் பாதத்திலிருந்து துளித் தோலைச் சீவி எடுத்து டிஎன்ஏ பிரிப்பார்கள்.

ஒரே ஒரு ஜி கண்டதும் கலப்பு என்று முத்திரை குத்தவும் கூடாது. பொது மூதாதையிடமிருந்து இரண்டு இனமும் அதை வாங்கியிருக்கலாம். சங்குவளையின் எழுத்துகள் நீளமாகத் தொடர்ந்து வந்தால் கலப்பு சமீபத்தில் நடந்தது. தலைமுறை ஏற ஏற அந்தத் தொடர் அறுபட்டுச் சிறு துண்டுகளாகிவிடும்.