டீசல் ஃபில்டருக்கு அடியில் தேங்கும் தண்ணீர்

கடலூரில் கார் வைத்திருப்பவர்களில் பலர் டேங்க் நிரப்ப முள்ளோடையைத் தாண்டி கன்னியக்கோயில் பக்கம் போவார்கள். புதுச்சேரியில் வரி குறைவு, லிட்டருக்குச் சில ரூபாய் மிஞ்சும். எந்தப் பக்கம் நிரப்பினாலும் டீசலோடு கொஞ்சம் தண்ணீரும் சேர்ந்துதான் வருகிறது. இதில் கலப்படம் எதுவும் இல்லை. ஒரு கிலோ டீசலில் 200 மில்லிகிராம் வரை நீர் இருக்கலாம் என்று தர விதியே இடம் கொடுக்கிறது. 40 லிட்டர் டீசல் ஏறக்குறைய 33 கிலோ. அப்படியானால் ஒருமுறை டேங்கை நிரப்பும்போது ஆறரை கிராம் வரை தண்ணீர் உள்ளே போகலாம்.

'பாதி டேங்கோடு வண்டியை விடாதே, கடற்கரைக் காத்து உள்ளே போய் தண்ணியாகிடும்' என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 30 டிகிரி வெப்பத்தில், முழு ஈரப்பதத்தில், ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். டேங்கில் 20 லிட்டர் இடம் காலி, பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி வித்தியாசம் என்றால் உள்ளே வந்து போகும் காற்று முக்கால் லிட்டருக்கும் குறைவு. அதிலுள்ள நீர் 0.02 கிராம். அது அத்தனையும் தினமும் டேங்கிலேயே தங்கினாலும் ஆண்டுக்கு ஏழு கிராம்தான் சேரும். ஒரு டேங்க் டீசலில் வரக்கூடிய அளவுதான் இது. ஆகவே காற்றைவிட, வாங்கும் டீசலைத்தான் கவனிக்க வேண்டும். அதிலும் பெருமழைக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் 24 மணி நேரத்துக்குள் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பங்க்கின் நிலத்தடித் தொட்டியில் எங்காவது மூடி சரியாக இல்லையென்றால் தண்ணீர் இறங்கிவிடும். இடுப்பளவு நீரில் நின்ற காருக்கும் இதே ஆபத்து உண்டு.

தண்ணீரை இன்ஜின் ஏன் தாங்காது? இப்போதைய டீசல் கார்களில் 'காமன் ரெயில்' முறை, அதாவது ஒரே பொதுக் குழாயில் டீசலை மிகுந்த அழுத்தத்தில் தேக்கி, அங்கிருந்து எல்லா சிலிண்டருக்கும் பீய்ச்சுவது. நம் ஊரில் ஏராளமாக ஓடும் 1.3 லிட்டர் டீசல் கார்களில் அழுத்தம் சுமார் 1,600 பார் வரை ஏறும் (ஒரு பார் என்பது ஏறக்குறைய நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தம்). உலகின் மிக ஆழமான கடலடியிலேயே 1,100 பார்தான். இவ்வளவு அழுத்தத்தில் உரசும் பாகங்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி சில மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்). அங்கே வேறு ஆயில் கிடையாது, ஓடுகிற டீசலேதான் மசகு. அந்த இடத்தில் நீர் புகுந்தால் படலம் அறுந்து இரும்பும் இரும்பும் உரசும். அதில் உதிரும் தூள், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர் வரை போகும். பிறகு செலவு பல ஆயிரங்களில் நிற்காது.

இதைத் தடுக்கும் ஒரே காவல் ஃபில்டர். பலர் அதைத் தூசு பிடிக்கும் சல்லடை என்று மட்டும் நினைக்கிறார்கள். உள்ளே மடித்து மடித்து வைத்திருக்கும் தாள், சில மைக்ரான் அளவுள்ள துகளைக்கூடப் பிடிக்கிறது. டீசல் கார் ஃபில்டரில் அதே தாள் நீர்த்துளிகளையும் தடுக்கிறது. தடுக்கப்பட்ட குட்டித் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகின்றன. இப்படிப் பெரிதாவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. ஒரு துளி எவ்வளவு வேகமாக அடியில் இறங்கும் என்பது அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1851-இல் ஸ்டோக்ஸ் கண்ட விதி இது. 10 மைக்ரான் நீர்த்துளி டீசலில் 10 செ.மீ. இறங்க ஒன்பது மணி நேரம் ஆகும். அதற்குள் அது இன்ஜினுக்கே போய்விடும். 100 மைக்ரானாகப் பெருத்த துளிக்கு ஐந்தாறு நிமிடம் போதும். டீசலைவிடத் தண்ணீர் கனம் என்பதால் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தில் தங்கிவிடுகிறது.

அந்தக் கிண்ணத்தைத் திறந்துவிடும் திருகுதான் டிரெய்ன் ஸ்க்ரூ. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மேலே மஞ்சளாக டீசல், கீழே நிறமில்லாத நீர், நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு கோடு. அந்தக் கோட்டையொட்டிக் கறுப்பாக வழவழப்பான நூல் மிதந்தால் அது அழுக்கில்லை, உயிர். நீரில் வாழ்ந்துகொண்டு டீசலைத் தின்னும் பூஞ்சையும் பாக்டீரியாவும் அவை. நம்முடைய வெப்பம் அவற்றுக்கு ரொம்பவும் பிடிக்கும். விசைப்படகு இன்ஜின் பார்க்கிற மெக்கானிக்குகளுக்கு இந்தக் காட்சி பழக்கம்.

ஃபில்டரை வீட்டிலேயே மாற்றலாம். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். எந்த ஹோஸ் எங்கே இருந்தது, அம்புக்குறி எந்தப் பக்கம் என்று கழற்றுவதற்கு முன் போட்டோ எடுத்துவிடுங்கள். தேவனாம்பட்டினம் மாதிரி உப்புக்காற்று வீசும் இடத்தில் நிற்கும் வண்டியென்றால் ஹோஸ் கிளிப் துருப்பிடித்திருக்கும், புதியதை வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அடியில் தண்ணீர் சென்சார் இருந்தால் பழையதிலிருந்து எடுத்துப் புதியதில் பொருத்த வேண்டும், ஓ-ரிங் எனும் ரப்பர் வளையம் மட்டும் புதிது. புதிய ஃபில்டரை டீசலால் நிரப்ப நினைத்து வெளியேறும் துளையில் ஊற்றாதீர்கள். வடிகட்டாத டீசல் நேராக இன்ஜெக்டருக்குப் போகும். ஹோஸில் கைப்பம்ப் இருந்தால் அது கெட்டியாகும்வரை அழுத்தினால், ஃபில்டர் மாற்றும்போது உள்ளே புகுந்த ஏர் வெளியே போய்விடும். கைப்பம்ப் இல்லாத வண்டியில் சாவியை 'ஆன்' வரை திருப்பிச் சில நொடி விட்டு அணைப்பதை நாலைந்து முறை செய்தால் டேங்க் பம்ப் அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஏர் போகவில்லையென்று இன்ஜெக்டர் பைப்பைத் தளர்த்துவது பழைய வண்டிக்கான வைத்தியம். காமன் ரெயிலில் அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகும்.

பெட்ரோல் கார்க்காரர்கள் இதை அப்படியே செய்ய வேண்டாம். இப்போதைய சின்னக் கார்கள் பலவற்றில் ஃபில்டர் டேங்குக்குள்ளேயே பம்ப்போடு இருக்கிறது. பெட்ரோல் ஆவி தீப்பிடிக்கச் சிறு பொறி போதும். அது ஒர்க்‌ஷாப் வேலை.

வடித்த டீசலைச் சாக்கடையில் கொட்டாமல், மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயில் வாங்குகிற ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் டிரெய்ன் ஸ்க்ரூவை மறுபடி திறந்து பாருங்கள். அப்போதும் தண்ணீர் வந்தால் ஃபில்டரில் கோளாறு இல்லை. டேங்கைத்தான் இறக்கிக் கழுவ வேண்டும்.