ஊதாக் கடந்த கதிர்

ஹட்டனில் ஒரு கடையில் மாமாவின் வராந்தாவுக்கு மரப்பிளாஸ்டிக் பலகை, அதாவது மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்த பலகை பார்த்துக்கொண்டிருந்தோம். துண்டுப்பிரசுரத்தில் ‘புற ஊதாக் காப்பு கொண்டது’ என்று இருந்தது. மாமா பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வெளிப்பக்கம் ஊதாவா தம்பி? நான் மரக்கலருல்ல கேட்டேன்.” அவர் வாசித்ததில் பிழை இல்லை. புறச்சுவர் வெளிச்சுவர் என்றால் புற ஊதா வெளி ஊதாதானே!

1801இல் ஜேர்மனிய விஞ்ஞானி ரிட்டர், சூரிய ஒளி நிறங்களாகப் பிரிந்து விழும் நிறமாலையில் வெள்ளிக் குளோரைட்டை வைத்துப் பார்த்தார். ஊதாவுக்கு அப்பால், கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் அது வேகமாகக் கறுத்தது. அங்கே இருந்த கதிர்தான் ஆங்கிலத்தில் ‘அல்ட்ராவயலட்’, பிரசுரத்தில் ‘புற ஊதா’. ‘அல்ட்ரா’ இலத்தீன், அப்பால் என்று பொருள். நாங்கள் பள்ளியில் படித்த ‘ஊதாக் கடந்த கதிர்’ அதை அப்படியே சொல்கிறது.

‘ஊதாவுக்குப் புறத்தே இருப்பதால் புற ஊதா’ என்பார்கள். சரி, அப்படியானால் அகச்சிவப்பு? அதுவும் கண்ணுக்குத் தெரியும் எல்லைக்கு வெளியேதான் இருக்கிறது. சிவப்புக்கு உள்ளே எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் அது ‘இன்ஃப்ராரெட்’, ‘இன்ஃப்ரா’ என்றால் கீழ். ‘செந்நிறக் கீழ்’ என்பதே பொருந்தும். அகம், புறம் என்று சோடி சேர்க்கும் ஆசையில் பொருளைக் கைவிட்டிருக்கிறார்கள். புற ஊதாவுக்கு இன்னொரு பெயரான ‘கழியூதா’ இலக்கணப்படி சரி, கழி என்பது மிகுதியைக் குறிக்கும் உரிச்சொல். ஆனால் இன்றைய காதில் கழிவு என்றுதான் விழும். நல்ல சொல் கையில் இருக்க, தொலைக்காட்சியில் கேட்டதை எடுத்து ஒட்டும் மொழிபெயர்ப்பாளர்கள் மேல் எனக்குக் கோபம்தான்.

இந்தச் சொல் மலையகத்தில் தெளிவாக இருக்கவேண்டும். குளிர் ஊருக்கு வெயில் காப்பு எதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். உயரம் 1000 மீற்றர் கூடினால் இந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மரத்தூளில் நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் கதிரை வாங்கிச் சிதையும், மழை அதைக் கழுவும், பலகை நரைக்கும். பிளாஸ்டிக் பகுதியும் மேற்பரப்பில் வெடிக்கும். இதைத் தாமதப்படுத்தத்தான் தனின், பிரித்தெடுத்த லிக்னின் போன்ற இயற்கைப் பொருள்களைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். நம் சாயத்தண்ணியில், அதாவது பால் சேர்க்காத தேநீரில் நாக்கைப் பிடிக்கிற துவர்ப்பும் அந்தத் தனின் வகைதான். கதிரை உறிஞ்சும், சிதைவைத் தூண்டும் மூலக்கூறுகளையும் தடுக்கும்.

அந்தப் பிரசுரத்தில் ‘ஊதாக் கடந்த கதிரால் நரைப்பதைக் குறைக்கும்’ என்று ஒரு வரி இருந்திருந்தால் போதும், மாமா பலகையைத் திருப்பிப் பார்த்திருக்கமாட்டார்.