ஆட்டோஆன்டிபாடி: தமிழில் தன்னெதிர்ப்பொருள்

தைராய்டு, முடக்குவாதம், லூபஸ் ஆகியவற்றுக்கான ரத்தப் பரிசோதனை முடிவுகளில் 'ஆட்டோஆன்டிபாடி' என்ற சொல்லைப் பலர் பார்த்திருப்பார்கள். கிருமியை எதிர்க்க உடல் உண்டாக்கும் புரதம் ஆன்டிபாடி. அது சொந்த உடலையே குறிவைத்தால் ஆட்டோஆன்டிபாடி. கடந்த இருபது ஆண்டுகளில் மனநல மருத்துவத்திலும் அது அடிக்கடி பேசப்படுகிறது. இதற்குத் தமிழில் 'தன்னெதிர்ப்பொருள்' என்பதே சரியான சொல் என்று நினைக்கிறேன்.

'ஆன்டிபாடி' ஜெர்மன் மொழியில் பிறந்த சொல். 1890இல் பெர்லினில் எமில் ஃபான் பேரிங்கும் கிட்டசாட்டோ ஷிபாசபுரோவும் டெட்டனஸ், டிப்தீரியா நஞ்சுகளை முறிக்கும் ஆற்றல் விலங்குகளின் ரத்தத்தில் உருவாவதைக் காட்டினார்கள். மறு ஆண்டே ஜெர்மன் ஆய்வாளர் பால் எர்லிக் தன் கட்டுரையில் 'ஆன்டிகோர்ப்பர்' என்று எழுதினார். 'கோர்ப்பர்' என்றால் உடல். பொருள், துகள் என்றும் கொள்ளலாம். ஆங்கிலம் அதை அப்படியே பெயர்த்து 'பாடி' ஆக்கிக்கொண்டது. நம் உடம்புக்கும் அந்தப் 'பாடி'க்கும் தொடர்பில்லை என்பதால், 'எதிர்ப்பொருள்' என்ற தமிழாக்கம் மூலத்தின் கருத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறது. முன்னால் நிற்கும் 'ஆட்டோ' கிரேக்கச் சொல். 'தான்' என்று பொருள்.

உடல் தன்னைத் தானே தாக்கிக்கொள்ளாது, அதைத் தடுக்க ஏதோ ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்று எர்லிக் கருதினார். ஆனால் 1904இல் வியன்னாவில் டோனத்தும் லாண்ட்ஸ்டைனரும், குளிர் பட்டால் சிறுநீர் சிவக்கும் ஒரு நோயில், நோயாளியின் சொந்தச் சிவப்பணுக்களையே அழிக்கும் எதிர்ப்பொருளைக் கண்டார்கள்.

'பிறபொருளெதிரி' என்ற சொல்லும் ஆன்டிபாடிக்குப் புழங்குகிறது. கிருமி போன்ற வெளிப்பொருளை எதிர்ப்பது என்ற விளக்கம் சொல்லுக்குள்ளேயே இருக்கும் அழகான ஆக்கம் அது. சிக்கல் 'ஆட்டோ' சேரும்போது வருகிறது. 'தன் பிறபொருளெதிரி' என்றால் தனதா, பிறதா என்று சொல் தனக்குள்ளேயே முரண்பட்டு நிற்கும். 'எதிர்ப்பொருள்' எதை எதிர்க்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவதில்லை. அதனால் 'தன்' இயல்பாகச் சேர்கிறது. தனிக்குறிலை அடுத்த மெய் உயிர் வந்தால் இரட்டிக்கும், அவ்வளவுதான்: தன்னெதிர்ப்பொருள். தன்னை எதிர்க்கும் பொருள்.

சரி, இது மனநோயோடு எங்கே சேர்கிறது? இல்லாத குரல் கேட்பது, யாரோ தன்னைக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று அசையாமல் நம்புவது போன்ற நிலையை மருத்துவர்கள் சைக்கோசிஸ் என்கிறார்கள், தமிழில் மனப்பிறழ்வு. மூளையைத் தாக்கும் எதிர்ப்பொருள்தான் இதற்குக் காரணமோ என்ற ஐயம் பழையது. 1960களில் நியூ ஆர்லியன்ஸில் ராபர்ட் ஹீத் என்ற மனநல மருத்துவர், மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) நோயாளிகளின் ரத்தத்தில் அப்படி ஒன்று இருப்பதாகவே அறிவித்தார். மற்றவர்களால் அதை உறுதிசெய்ய முடியவில்லை. அப்புறம் அந்தப் பேச்சு வெகுகாலம் ஓய்ந்திருந்தது.

அதை மீட்டெடுத்தது 2007. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஹோசெப் டால்மாவ் குழுவினர் 12 பெண்களைப் பற்றி எழுதினார்கள். எல்லோருக்கும் டெரடோமா என்ற கட்டி, பெரும்பாலும் சூலகத்தில். மனக்குழப்பம், வலிப்பு, நினைவு தவறுதல், மூச்சுத் திணறல் என்று நோய் வேகமாக முற்றியிருந்தது. மூளை நரம்பணுக்களின் மேற்பரப்பில் இருந்து சமிக்ஞைகளை வாங்கும் என்எம்டிஏ ஏற்பி என்ற புரதத்தைக் குறிவைக்கும் தன்னெதிர்ப்பொருள் அவர்களிடம் இருந்தது. கட்டி இல்லாதவர்களுக்கும், ஆண்களுக்கும், குழந்தைகளுக்கும் இந்த நோய் வரும் என்பது பிறகு தெரிந்தது.

இது நடக்கும் விதம் கவனிக்கத்தக்கது. எதிர்ப்பொருள் இரண்டிரண்டு ஏற்பிகளைச் சேர்த்துப் பிணைக்க, நரம்பணு அவற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மேற்பரப்பில் ஏற்பிகள் குறைகின்றன. கெட்டமைன் என்ற மயக்க மருந்து அதே ஏற்பியை அடைத்துச் சிலரிடம் மனப்பிறழ்வு போன்ற அனுபவத்தை உண்டாக்கும் என்பது முன்பே தெரியும். இரண்டும் ஒரே இடத்தைச் சுட்டுகின்றன. இங்கே நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை. எதிர்ப்பொருள் விலகினால் ஏற்பிகள் திரும்பி வரும். 2013இல் வெளியான, 577 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தினர் நல்ல நிலைக்குத் திரும்பியிருந்தார்கள். ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், கட்டியிருந்தால் அறுவை என்று சிகிச்சை சீக்கிரம் தொடங்கியவர்கள் கூடுதலாகத் தேறினார்கள். மனநோய் வார்டில் ஆண்டுக்கணக்கில் கிடந்திருக்கக்கூடியவர்கள் இவர்கள் என்பதை நினைத்தால் இந்தச் சொல்லின் கனம் புரியும்.

ஆனால் எல்லா மனப்பிறழ்வுக்கும் இதுவே காரணம் என்று தாவிவிடக் கூடாது. 2017இல் இங்கிலாந்தில் முதன்முறை மனப்பிறழ்வு வந்த 228 பேரின் ரத்தத்தைப் பார்த்தபோது, என்எம்டிஏ ஏற்பிக்கு எதிரான பொருள் 7 பேரிடம்தான் இருந்தது. நலமாக இருந்த 105 பேரில் அது எவரிடமும் இல்லை. என்றாலும் நரம்பணுவைக் குறிவைக்கும் வேறு சில தன்னெதிர்ப்பொருள்கள் நலமானவர்களில் சிலரிடமும் இருந்தன. ரத்தத்தில் இருப்பதாலேயே அது நோயை உண்டாக்கியது என்று ஆகிவிடாது. அது எந்த வகை, மூளைத் தண்டுவட நீரிலும் இருக்கிறதா என்பதையெல்லாம் சேர்த்துத்தான் மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள்.

இதற்காக 2020இல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஓர் ஒருமித்த வரையறை வெளியிட்டார்கள். அவர்கள் 'ஆட்டோஇம்யூன் சைக்கோசிஸ்' என்றதைத் 'தன்னெதிர்ப்பு மனப்பிறழ்வு' எனலாம். மூன்று மாதத்துக்குள் திடீரெனத் தொடங்கிய மனப்பிறழ்வோடு வலிப்பு, தன்னிச்சையற்ற அசைவு, உணர்வு மங்குதல், மனநல மருந்துக்குக் கடுமையான ஒவ்வாத விளைவு போன்றவற்றில் ஒன்றாவது இருந்தால் ஐயப்படலாம். ஸ்கேன், மூளை மின்பதிவு, தண்டுவட நீர்ச் சோதனை ஆகியவை அதற்குத் துணைநின்றால் வாய்ப்பு கூடும். ஐஜிஜி (எதிர்ப்பொருள் வகைகளில் ஒன்று) வகைத் தன்னெதிர்ப்பொருள் தண்டுவட நீரிலேயே கிடைத்த பிறகுதான் 'உறுதி' என்று எழுதுவார்கள்.