ஒரு கூட்டல் குறியும் போன் பேட்டரியும்

ஒரு நிரலில் 'விலை + வரி' என்று எழுதியிருக்கிறது. சி மொழியில் எழுதியிருந்தால் இரண்டும் எண்கள் என்பது, நிரலை ப்ராசஸருக்குப் புரியும் இயந்திரக் குறியீடாக மாற்றித்தரும் கம்பைலருக்கு முன்பே தெரியும். போனில் ஓடும்போது ஒரே ஒரு கூட்டல் கட்டளை, வேலை முடிந்தது. இணையப் பக்கங்களின் மொழியான ஜாவாஸ்கிரிப்டில் அப்படியில்லை. 100-உடன் 18 என்ற எண்ணைக் கூட்டினால் 118. அதே 18 எண்ணாக இல்லாமல் எழுத்துச் சரமாக, அதாவது வெறும் எழுத்துகளாக, வந்திருந்தால் விடை 10018! வந்திருப்பது எது என்று ஓடும் நேரத்தில்தான் பார்க்க முடியும். எழுதுகிறவருக்கு இது பெரிய வசதி. அந்த வசதிக்கான உழைப்பு ப்ராசஸர் தலையில் விழுகிறது.

போர்ச்சுகல் ஆய்வாளர்கள் 2017-ல் 27 மொழிகளில் ஒரே கணக்குகளை ஓட்டி மின்செலவை அளந்தார்கள். சி மொழிக்கு 1 என்றால் ஜாவாஸ்கிரிப்டுக்குச் சுமார் 4.5, பைதானுக்குச் சுமார் 76. அளந்தது கணினியில்; போனில் இதே எண்கள் வராது. ஆனாலும் போனில்தான் இது அதிகம் உறைக்கும். வேலையைச் சட்டென்று முடித்துவிட்டுத் தூங்கப் போவதால்தான் போன் ப்ராசஸர் பேட்டரியை மிச்சப்படுத்துகிறது. நிரல் இழுத்தடித்தால் அந்தத் தூக்கம் கெடுகிறது.

பைதானைவிட ஜாவாஸ்கிரிப்ட் இவ்வளவு முந்துவது எப்படி? அதை ஓட்டும் மென்பொருளான எஞ்சின், நிரலை ஓட்டிக்கொண்டே கவனிக்கிறது. ஒரு கூட்டலுக்குத் திரும்பத் திரும்ப எண்களே வந்தால், 'இனியும் எண்தான்' என்று நம்பி அதற்கேற்ற இயந்திரக் குறியீட்டை அங்கேயே தயாரித்துவிடும். நம்பிக்கை பொய்த்தால் அதைத் தூக்கிப்போட்டுவிட்டுப் பழைய வழிக்கே திரும்பும். அருமையான யோசனைதான். ஆனால் கவனிப்பதற்கும் தயாரிப்பதற்கும் மின்சாரம் வேண்டும், நினைவகமும் வேண்டும். 2008-ல் குரோமுடன் வந்த வி8 எஞ்சின் எல்லாவற்றையும் நேராக இயந்திரக் குறியீடாக்கியது. நினைவகம் குறைந்த ஆண்ட்ராய்டு போன்களுக்கு அது பெரும் சுமை. அதனால் 2017-ல் நிரலுக்கும் இயந்திரக் குறியீட்டுக்கும் இடைப்பட்ட வடிவமான, கச்சிதமான பைட்கோடில் தொடங்கி, அடிக்கடி ஓடும் பகுதிகளை மட்டும் இயந்திரக் குறியீடாக்கும் முறைக்கு வி8 மாறியது.

எனக்கு மிகவும் பிடித்த தீர்வு, வேலையை நேரம் பார்த்துச் செய்வது. ஆண்ட்ராய்டு 7 முதல், எந்தப் பகுதிகள் அதிகம் ஓடுகின்றன என்று போன் பகலில் குறித்துக்கொள்கிறது. பிறகு யாரும் தொடாமல் சார்ஜில் கிடக்கும் நேரத்தில் அவற்றை மட்டும் கம்பைல் செய்கிறது. அது ஜாவா, காட்லின் மொழிகளில் எழுதிய செயலிகளுக்கு. ஜாவாஸ்கிரிப்டுக்கு, பேஸ்புக் 2019-ல் வெளியிட்ட ஹெர்மீஸ் எஞ்சின் இன்னும் முன்னால் போனது: செயலியை உருவாக்கும்போதே பைட்கோடாக மாற்றிவிடுகிறது. திறந்தவுடன் செயலி சுறுசுறுப்பாகக் கிளம்புகிறது, நினைவகமும் மிச்சம். ஓடும்போது இயந்திரக் குறியீடு தயாரிக்கும் வேலையை அது விட்டுவிட்டதால், கனமான கணக்குகளில் பின்தங்கும். படத்துக்கு வடிகட்டி போடுவது போன்ற வேலைகளை அதனால்தான் இன்றும் சி++ பக்கம் தள்ளிவிடுகிறார்கள்.